கோப்பு இரட்டித்தால் நேரம் என்னவாகிறது? எக்ஸ்எஸ்எல்டி உருமாற்றங்களை வேகப்படுத்தும் வழி

எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி எக்ஸ்எஸ்எல்டி (XSLT); அதில் எழுதிய விதிகளின் கோப்பு ஸ்டைல்ஷீட். சோதனைக் கோப்பில் அரை வினாடியில் முடிந்த ஸ்டைல்ஷீட், உண்மையான தரவு வந்ததும் இருபது நிமிடம் ஓடுகிறது. கோப்பு பெரிதாகியிருப்பதோ ஐம்பது மடங்குதான். இந்த நிலையில் பலரும் முதலில் கேட்பது இன்னும் வேகமான சர்வர். அதனால் பயன் சொற்பம். 50 மடங்கு தரவுக்கு ஏறத்தாழ 2,500 மடங்கு நேரம் பிடிக்கிறது, அதாவது 50இன் வர்க்கம். சர்வரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் இருபது நிமிடம் பத்து நிமிடமாகும். அடுத்த முறை தரவு ஒன்றரை மடங்கானால் மறுபடி இருபதைத் தாண்டிவிடும்.

எக்ஸ்எஸ்எல்டியில் இந்தச் சிக்கல் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. ஜாவாவிலோ பைத்தானிலோ லூப்புக்குள் லூப் எழுதினால் அது பக்கத்திலேயே தெரியும். ஆவணத்துக்குள் பாதை சொல்லித் தேடும் எக்ஸ்பாத் மொழியில் `//` என்ற இரண்டு எழுத்து, ஆவணம் முழுவதையும் நடந்து முடிக்கும் ஒரு லூப். அதை ஒரு டெம்ப்ளேட்டுக்குள் (ஸ்டைல்ஷீட்டின் ஒரு விதிக்குள்) போட்டு, அந்த டெம்ப்ளேட் இருபதாயிரம் முறை அழைக்கப்பட்டால், லூப்புக்குள் லூப் தயார். எழுதியவருக்கு அது ஒரே வரி.

ஆகவே எதையும் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை. உண்மையான தரவிலிருந்து 5,000, 10,000, 20,000 பதிவுகள் கொண்ட மூன்று கோப்புகளை வெட்டி எடுத்து, மூன்றையும் ஓட்டி நேரம் குறியுங்கள். நேரம் அசையவே இல்லை என்றால் செலவு தரவில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. கோப்போடு சேர்ந்து நேரமும் இரட்டிக்கிறது என்றால் ஸ்டைல்ஷீட்டின் அமைப்பு சரி. ஆவணத்தை நினைவகத்தில் மரமாகக் கட்டுவது, நகலெடுப்பது, வெளியே எழுதுவது ஆகியவற்றில் பார்க்க வேண்டும். நான்கு மடங்காகிறது என்றால் மேலே சொன்ன வர்க்கச் சிக்கல், அதாவது இருபடிச் சிக்கல். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுப்பதால்தான் இந்த வேலை பல நாள் இழுக்கிறது.

அளக்கும்போது

எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் செயலிகளில் ஒன்றான லிப்எக்ஸ்எஸ்எல்டி (libxslt) நூலகத்தோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் (xsltproc) கட்டளையில் டைமிங் என்ற தேர்வு, ஸ்டைல்ஷீட்டைப் படிப்பது, ஆவணத்தைப் படிப்பது, உருமாற்றுவது, எழுதுவது என்று கட்டம் கட்டமாக நேரத்தைத் தரும். புரொஃபைல் தேர்வு, எந்த டெம்ப்ளேட் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற அட்டவணையைத் தரும். ரிப்பீட் தேர்வு அதே உருமாற்றத்தை 20 முறை ஓட்டும். சாக்சன் (Saxon) என்ற இன்னொரு செயலியில் இதே வேலைக்கு, சிற்றெழுத்து டி (`-t`) தேர்வு நேரத்தையும், பேரெழுத்து டிபி (`-TP`) தேர்வு டெம்ப்ளேட் வாரியான அறிக்கையை எச்டிஎம்எல் கோப்பாகவும் கொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். சாக்சன் ஜாவாவில் ஓடுவது; முதல் சில ஓட்டங்களில் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் இன்னும் முழு வேகத்துக்குச் சூடாகாமல் இருக்கும். முதல் எண்ணை வைத்து முடிவு கட்டினால் ஜாவாவின் தொடக்கச் செலவை ஸ்டைல்ஷீட்டின் தலையில் ஏற்றுவதாகிவிடும். அடுத்தது, சாக்சன் மாறிகளைத் தேவைப்படும்போதுதான் கணக்கிடும். ஒரு மாறியை அறிவித்த டெம்ப்ளேட் அறிக்கையில் நல்ல பிள்ளையாகத் தெரியும். அதை முதலில் பயன்படுத்திய டெம்ப்ளேட்டின் கணக்கில் செலவு விழும். அறிக்கையின் முதல் வரிசையில் இருக்கும் டெம்ப்ளேட்டில் கனமான எதுவும் தெரியவில்லை என்றால், அது பயன்படுத்தும் மாறிகள் எங்கே அறிவிக்கப்பட்டன என்று பின்னோக்கிப் போங்கள்.

நேரம் நான்கு மடங்காகும்போது

ஓர் ஆவணத்தில் 20,000 ஆணைகள், 5,000 பொருட்கள் என்று வைப்போம். எக்ஸ்எம்எல்லில் எலிமென்ட் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் உதாரணமும் அப்படியே. ஒவ்வோர் ஆணையிலும் பொருளின் குறி இருக்கிறது; பொருளின் பெயரைத் தேடி எடுக்க வேண்டும். முதலில் கைக்கு வருவது இது:

`//பொருள்[@குறி = $குறி]/பெயர்`

ஆவணத்தில் மொத்தம் 3 லட்சம் கணுக்கள் (எலிமென்ட், உரை போன்ற மரத்தின் உறுப்புகள்) இருந்தால், எந்த மேம்படுத்தலும் செய்யாத செயலி ஒவ்வோர் ஆணைக்கும் 3 லட்சத்தையும் நடக்கும். 20,000 பெருக்கல் 3 லட்சம், 600 கோடி. பாதையை முழுதாக எழுதினால்:

`/கிடங்கு/பொருட்கள்/பொருள்[@குறி = $குறி]/பெயர்`

இப்போது ஆணைக்கு 5,000 ஒப்பீடு, மொத்தம் 10 கோடி. அறுபதில் ஒரு பங்கு. `//` என்பதை நீக்குங்கள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வது இதனால்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடுவது அரைகுறை வேலை. ஆணைகளும் பொருட்களும் இரட்டித்தால் இந்த 10 கோடி 40 கோடியாகும். வளைவின் வடிவம் மாறவே இல்லை.

வடிவத்தை மாற்றுவது கீ (`xsl:key`). ஸ்டைல்ஷீட்டின் மேல்மட்டத்தில் ஒரு கீ அறிவிப்பு: பெயர் `பொருள்-குறி`, மேட்ச் `பொருள்`, யூஸ் `@குறி`. பிறகு தேட வேண்டிய இடத்தில் கீ செயற்கூற்றுக்கு அந்தப் பெயரையும் `$குறி`யையும் கொடுத்தால் போதும். செயலி முதல் அழைப்பின்போது ஆவணத்தை ஒரே ஒரு முறை நடந்து, நூலின் கடைசியில் வரும் சொல்லடைவைப் போல ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு தேடலும் ஹாஷ் அட்டவணையில் ஒரு பார்வை. 3 லட்சம் கணுக்கள் ஒரு முறை, மேலே 20,000 பார்வைகள். இரட்டித்தால் இரட்டிக்கும், அவ்வளவுதான். கீ 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்எஸ்எல்டி 1.0இலேயே இருக்கிறது, ஆகவே எவ்வளவு பழைய செயலியிலும் இது கிடைக்கும். சாக்சனின் கட்டணப் பதிப்பான இஇ இப்படிப்பட்ட ஒப்பீடுகளைத் தானாகவே அடைவாக மாற்றிவிடும். அதை நம்பி எழுதிய ஸ்டைல்ஷீட்டை இலவசப் பதிப்பான எச்இக்கு மாற்றும் நாளில் உண்மை வெளிவரும்.

கீக்கு மாறும்போது வேகம் கூடி விடை தவறிப்போகும் இடங்களும் உண்டு. 1.0இல் கீ எழுத்துச் சரங்களைத்தான் ஒப்பிடும். முன்பு எண்ணாக ஒப்பிட்டபோது `007`உம் `7`உம் பொருந்தின, கீயில் பொருந்தாது. குறியின் முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியும் அப்படியே. 2.0 முதல் வகைப்பாடும் சேர்ந்துகொள்கிறது: ஸ்கீமா இல்லாத ஆவணத்தின் மதிப்புகள் சரங்களாகவே அடைவில் ஏறும், நீங்கள் முழு எண் 7ஐக் கொடுத்துத் தேடினால் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறுமையான விடை வரும். கொடுப்பதைச் சரமாக மாற்றிக் கொடுங்கள். இன்னொன்று, கீ எப்போதும் நடப்புக் கணு இருக்கும் ஆவணத்தில்தான் தேடும். பொருட்கள் தனிக் கோப்பில் இருந்தால் 1.0இல் ஃபார்-ஈச் போட்டு அந்த ஆவணத்துக்குள் நுழைந்த பிறகே கீயை அழைக்க வேண்டும், 2.0 முதல் மூன்றாவது தரவுருவாக (பாராமீட்டராக) ஆவணத்தைக் கொடுத்துவிடலாம்.

அடைவு ஆவணத்துக்கு ஒன்று என்பதால், ஒரு தற்காலிக மரத்தை டெம்ப்ளேட்டுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி அதில் கீயால் தேடினால் அடைவும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும். அந்த மரத்தை மேல்மட்ட மாறிக்குக் கொண்டுபோங்கள். அப்படிக் கொண்டுபோக முடியாத சின்ன மரம், ஒரே ஒரு தேடல் என்றால் கீ வேண்டாம்.

இருபடிச் சிக்கலின் இரண்டாவது வீடு, பின்னால் திரும்பிப் பார்க்கும் அச்சுகள் (எக்ஸ்பாத் மரத்தில் நகரும் திசைகள்). வகை வாரியாகப் பிரிக்க, `preceding` அச்சில் இதே வகை ஏற்கனவே வந்ததா என்று ஒவ்வொரு கணுவும் தனக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் பார்ப்பது பழைய வழக்கம். 20,000 கணுக்களுக்கு அது ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடு. ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மூன்ச் பெயரால் வழங்கும் மூன்ச் முறை இதைக் கீயால் தீர்க்கிறது: வகையின் மீது ஒரு கீ, அந்தக் கீ தரும் தொகுப்பின் முதல் கணு நடப்புக் கணுவேதானா என்று ஜெனரேட்-ஐடியால் ஒப்பிடுவது. 2007இல் வந்த 2.0இல் ஃபார்-ஈச்-குரூப் இருக்கிறது. அது கிடைக்கும் இடத்தில் மூன்ச் முறையைத் தொடர வேண்டிய தேவை இல்லை.

வரிசை எண் போடுவதும் இதே கதை. முந்தைய உடன்பிறப்புகளை எண்ணி ஒன்றைக் கூட்டுவதற்குப் பதில் பொசிஷன் செயற்கூறு. இதில் சறுக்கும் இடம் ஒன்று: அப்ளை-டெம்ப்ளேட்ஸில் செலக்ட் எதுவும் கொடுக்காமல் விட்டால் எலிமென்ட்களுக்கு இடையே உள்ள வரி முறிவுகளும் கணுக்களாகக் கணக்கில் வந்து, எண்கள் 2, 4, 6 என்று ஓடும். செலக்டில் எலிமென்ட் பெயரைக் கொடுத்தால் சரியாகும். ஓடும் மொத்தம் தேவைப்பட்டால், ஒவ்வொரு வரியிலும் முன்வரிகளை எல்லாம் கூட்டாமல், அடுத்த உடன்பிறப்புக்கு மொத்தத்தைத் தரவுருவாகக் கடத்துங்கள், 3.0 உள்ளவர்களுக்கு இட்டரேட் இந்த வேலைக்கென்றே இருக்கிறது.

மூன்றாவது, சரங்களைத் தன்னழைப்பால் வெட்டுவது. காற்புள்ளியால் பிரித்த நீண்ட சரத்தில் முதல் துண்டை எடுத்துவிட்டு மீதியைத் தன்னிடமே அனுப்பும் டெம்ப்ளேட், ஒவ்வொரு சுற்றிலும் மீதிச் சரம் முழுவதையும் நகலெடுக்கிறது. நேரம் இருபடியாக ஏறுவது ஒரு பக்கம். லிப்எக்ஸ்எஸ்எல்டியில் டெம்ப்ளேட் அழைப்பின் ஆழத்துக்கு இயல்பாக 3,000 என்ற வரம்பு இருப்பதால் பாதியில் நின்றும் போகும். வரம்பை உயர்த்துவது தீர்வல்ல. சரத்தையோ பட்டியலையோ நடுவில் வெட்டி இரு பாதிகளையும் தனித்தனியே அழைத்தால் ஒரு லட்சம் உருப்படிக்கும் ஆழம் 17ஐத் தாண்டாது. 2.0இல் டோக்கனைஸ் உண்டு. லிப்எக்ஸ்எஸ்எல்டியிலும் ஈஎக்ஸ்எஸ்எல்டி (EXSLT) நீட்சியாக அதே பெயரில் ஒன்று கிடைக்கிறது.

நேரம் கோப்போடு சேர்ந்து ஏறும்போது

இங்கே கிடைப்பது 20, 30 சதவீதம், சில வேளை பாதி. மாயம் எதுவும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது வெற்றிடக் கணுக்கள். அழகாக உள்தள்ளி எழுதிய கோப்பில் 10 பிள்ளைகள் உள்ள எலிமென்டுக்குள் 11 வெற்றிடக் கணுக்கள் இருக்கும். ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் அறிவிப்பில் நட்சத்திரக் குறியைக் கொடுத்தால் அவை கழிக்கப்படும். மரம் இளைக்கும், மேலே சொன்ன 2, 4, 6 தொல்லையும் போகும். பத்திகளும் சாய்வெழுத்தும் கலந்த உரை ஆவணங்களில் மட்டும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது: இரண்டு எலிமென்ட்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றை இடைவெளி காணாமல்போய்ச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். அந்த எலிமென்ட்களுக்குப் பிரிசர்வ்-ஸ்பேஸ் போடுங்கள்.

அடுத்து மரத்தின் வகை. ஜாவாவில் ஆவணத்தை முதலில் டாம் (DOM) என்ற பொதுவான மரமாகக் கட்டி அதைச் சாக்சனுக்குக் கொடுப்பவர்கள் நிறைய. சாக்சனிடம் படிக்க மட்டுமே ஆன, அணிகளில் அடுக்கிய டைனிட்ரீ என்ற தன் மரம் இருக்கிறது. டாம் கொடுத்தால் அதன் மேல் ஓர் உறையைப் போட்டுக்கொண்டு பல மடங்கு மெதுவாக நடக்கும். கோப்பை நேரடியாக ஸ்ட்ரீம்சோர்ஸாகக் கொடுத்து மரம் கட்டும் வேலையை அதனிடமே விடுவது நல்லது. டாட்நெட்டிலும் எக்ஸ்எம்எல்டாக்குமென்டைவிட எக்ஸ்பாத்டாக்குமென்ட் உருமாற்றத்துக்கு ஏற்றது, காரணமும் இதேதான்.

ஸ்டைல்ஷீட்டுக்குள் மாறிகளைப் பாருங்கள். ஒரு மதிப்பைச் செலக்ட் வழியாக மாறியில் வைத்தால் அது மூலக் கணுவுக்கு ஒரு சுட்டி. அதே மாறியைத் திறந்து உள்ளே வேல்யூ-ஆஃப் எழுதினால் செயலி ஒரு புதிய தற்காலிக மரத்தைக் கட்டி, அதற்குள் ஓர் உரைக் கணுவை வைக்கிறது. 20,000 முறை ஓடும் டெம்ப்ளேட்டில் இப்படி ஐந்து மாறிகள் இருந்தால் ஒரு லட்சம் குட்டி மரங்கள். நிபந்தனை தேவைப்படுவதால் திறந்துதான் எழுத வேண்டும் என்றால், 2.0இல் மாறிக்குச் சர வகையை ஆஸ் மூலம் அறிவித்துவிட்டு, உள்ளே வேல்யூ-ஆஃபுக்குப் பதில் சீக்வென்ஸ் எழுதுங்கள், மரம் கட்டப்படாது.

பெயர்வெளியோடு (நேம்ஸ்பேஸோடு) மல்லுக்கட்ட விரும்பாமல், எந்த எலிமென்டாக இருந்தாலும் அதன் லோக்கல்-நேம் (முன்னொட்டில்லாத பெயர்) இதுவா என்று மேட்சில் நிபந்தனையாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. செயலிகள் டெம்ப்ளேட்களைப் பெயர் வாரியாகப் பிரித்து வைத்து, ஒரு கணு வந்ததும் அந்தப் பெயருக்குரிய சில டெம்ப்ளேட்களை மட்டும் பார்க்கும். நட்சத்திரமும் நிபந்தனையுமாக எழுதிய டெம்ப்ளேட்டை எந்தப் பெயரின் கீழும் வைக்க முடியாது. எந்த எலிமென்ட் வந்தாலும் அந்த வரிசை முழுவதையும் சோதித்தாக வேண்டும். 80 டெம்ப்ளேட்கள் இப்படி எழுதப்பட்டிருந்தால் கணுவுக்கு 80 சரம் ஒப்பீடுகள் வரை போகும். பெயர்வெளியை ஒரு முன்னொட்டோடு அறிவிப்பது ஒரே வரி வேலை. சோம்பலுக்குக் கொடுக்கும் விலை இது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மேட்சில் `//பொருள்` என்று எழுதுவதும் வீண்: `பொருள்` என்றாலே எந்த ஆழத்திலும் பொருந்தும். அதோடு முன்னுரிமை 0இலிருந்து 0.5க்கு ஏறி, வேறு டெம்ப்ளேட் ஒன்றைச் சத்தமில்லாமல் முந்திக்கொள்ளும்.

மாறாமல் அப்படியே போக வேண்டிய பகுதிகளை ஐடென்டிடி டெம்ப்ளேட்டால் கணு கணுவாக நகலெடுக்காமல், அந்தக் கிளையின் உச்சியிலேயே காப்பி-ஆஃப் போட்டு மொத்தமாக இறக்கிவிடலாம். வெளியீட்டை இன்னொரு நிரல்தான் படிக்கப்போகிறது என்றால் இன்டென்ட் வேண்டாம். வெளியீட்டை ஒரு பெரிய சரமாக நினைவகத்தில் சேர்த்துப் பிறகு கோப்பில் எழுதுவதைவிட, ஸ்ட்ரீமுக்கு நேரடியாக எழுதவிடுவது நினைவகத்தையும் மிச்சப்படுத்தும்.

நேரம் அசையாதபோது

சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் உருமாற்றும் சேவைகளில் இதுதான் முதன்மைக் குற்றவாளி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஸ்டைல்ஷீட்டைப் படித்து, அதன் இம்போர்ட்களைப் படித்து, கம்பைல் செய்து, ஒரு பக்கத்தை உருமாற்றிவிட்டு எல்லாவற்றையும் தூக்கி எறிகிறது நிரல். ஜாவாவில் கம்பைல் ஆன வடிவம் டெம்ப்ளேட்ஸ் என்ற பொருள் (ஆப்ஜெக்ட்). அதை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு எல்லாத் திரெட்களும் பகிரலாம். அதிலிருந்து பிறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பகிரக்கூடாது. பகிர்ந்தால் ஒருவரின் தரவுரு இன்னொருவரின் வெளியீட்டில் வந்து நிற்கும், அதுவும் நெரிசல் நேரத்தில் மட்டும். கோரிக்கைக்கு ஒரு புது டிரான்ஸ்ஃபார்மர் எடுப்பது மலிவு. பழையதையே வைத்து ஓட்டினால் முந்தைய தரவுருக்கள் தங்கிவிடுவதோடு, சாக்சனில் டாக்குமென்ட் செயற்கூறு படித்த கோப்புகளும் நினைவகத்தில் தேங்கும்.

டாட்நெட்டில் எக்ஸ்எஸ்எல்கம்பைல்ட்டிரான்ஸ்ஃபார்மின் லோட் தான் கனமான படி. அதை ஒரு முறை செய்துவிட்டால் பல திரெட்கள் பகிரலாம். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் ஸ்டைல்ஷீட்டுக்குள் ஸ்கிரிப்ட் துண்டு இருந்தால் ஒவ்வொரு லோடும் ஓர் அசெம்ப்ளியை ஏற்றும். இறக்க வழி இல்லை, நினைவகம் ஏறிக்கொண்டே போகும்.

ஜாவாவோடு வரும் எக்ஸ்எஸ்எல்டிசி என்ற செயலி, டெம்ப்ளேட்டை பைட்கோடாக (ஜேவிஎம் படிக்கும் குறியீடாக) மாற்றுகிறது. ஒரு மெத்தட் 64 கேபியைத் தாண்டக்கூடாது என்பது ஜேவிஎம் விதி. 8,000 பைட்டுக்கு மேற்பட்ட மெத்தடை, ஹாட்ஸ்பாட் என்ற வழக்கமான ஜேவிஎம் இயல்பு அமைப்பில் இயந்திர மொழிக்கு மாற்றாமல் விட்டுவிடும். ஐநூறு வரி டெம்ப்ளேட் ஒன்று காரணமின்றி மெதுவாக இருந்தால் அதைப் பிரித்து எழுதிப் பாருங்கள்.

கோப்பின் அளவால் நேரம் அசையாமலும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வேறாகவும் இருந்தால் அது நெட்வொர்க். ஆவணத்தின் தலையில் இருக்கும் டாக்டைப் வரி, அமைப்பு விதிகளைச் சொல்லும் டிடிடி கோப்பை இணையத்திலிருந்து இறக்கச் சொல்கிறது. ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் ஆவணத்தைப் படிக்கும் பார்சர் போய் அதை இறக்குகிறது. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2008இல், தன் தளத்தில் இருக்கும் டிடிடி முதலான கோப்புகளுக்கு ஒரு நாளில் 13 கோடி கோரிக்கைகள் வரை வருவதாகப் பகிரங்கமாகவே முறையிட்டது. அடிக்கடி கேட்பவர்களுக்கு அந்தச் சர்வர் வேண்டுமென்றே தாமதமாகப் பதில் தருவதும் உண்டு. எக்ஸ்எம்எல் கேட்டலாக் ஒன்றில் அந்த முகவரிகளை உள்ளூர்க் கோப்புகளோடு இணைத்துவிட்டு, எக்ஸ்எஸ்எல்டிபிராக்கை நோநெட் தேர்வோடு ஓட்டுங்கள். கேட்டலாக்கில் விட்டுப்போனது எதுவென்று உடனே பிழையாகத் தெரியும். தொழில்நுட்ப நூல்களுக்கான டாக்புக் வடிவத்தின் ஸ்டைல்ஷீட்களை இணைய முகவரியில் இம்போர்ட் செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே இறங்குவது ஒரு கோப்பு அல்ல, அடுக்கடுக்காகப் பல.

இரட்டித்ததும் விழுந்துவிட்டால்

நேரம் பற்றிய கேள்வியே எழாமல் நினைவகம் தீர்ந்து நிரல் நின்றுபோவது தனி ரகம். எக்ஸ்எஸ்எல்டி 1.0, 2.0 செயலிகள் மரம் முழுவதையும் நினைவகத்தில் கட்டிய பிறகே வேலையைத் தொடங்கும். மரம் கோப்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். 2017 ஜூனில் பரிந்துரையான 3.0 இதற்காக ஸ்ட்ரீமிங்கைக் கொண்டுவந்தது: கோப்பு ஓடிக்கொண்டே இருக்கும், கடந்துபோன கணு திரும்பக் கிடைக்காது. ஒரு டெம்ப்ளேட் கீழ்நோக்கி ஒரே ஒரு முறைதான் இறங்கலாம் என்பது தோராயமான விதி. சாக்சனில் இது இஇ பதிப்பில் மட்டும் உண்டு.

ஸ்ட்ரீமிங்கை வேகத்துக்காகத் தேடிப் போவது ஏமாற்றத்தில் முடியும். அது மிச்சப்படுத்துவது நினைவகத்தை. ஸ்ட்ரீமாக ஓடும் ஆவணத்தில் கீ வேலை செய்யாது, பின்னோக்கும் அச்சுகளில் உடன்பிறப்புகளைத் தேட முடியாது. நடைமுறையில் பெரும்பாலும் உதவுவது ஒரு கலப்பு ஏற்பாடு. ஆணைகள் 20 ஜிபி, பொருட்கள் 5 எம்பி என்றால் ஸ்ட்ரீமாக ஓட வேண்டியது ஆணைக் கோப்பு மட்டும். ஒவ்வோர் ஆணையும் வரும்போது காப்பி-ஆஃப் செயற்கூற்றால் அந்த ஒன்றை மட்டும் குட்டி மரமாக எடுத்துக்கொண்டால், அதற்குள் எந்த அச்சிலும் எத்தனை முறையும் நடக்கலாம். பொருட்கள் வழக்கம்போல நினைவகத்தில் மரமாக இருக்கட்டும். கீயின் மூன்றாவது தரவுருவாக அந்த மரத்தைக் கொடுத்துத் தேடினால் அடைவு ஒரு முறைதான் கட்டப்படும். இஇ பதிப்பு கையில் இல்லாதவர்கள், மரம் கட்டாமல் கோப்பை வரிசையாகப் படிக்கும் சாக்ஸ் பார்சரை வைத்து ஆணைக் கோப்பைச் சில ஆயிரம் பதிவுகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, கம்பைல் ஆன ஒரே டெம்ப்ளேட்ஸ் பொருளால் துண்டு துண்டாக உருமாற்றலாம். அப்போது வரிசை எண்ணும் ஓடும் மொத்தமும் ஒவ்வொரு துண்டிலும் முதலிலிருந்து தொடங்கிவிடும். முந்தைய துண்டின் கடைசி மதிப்பை அடுத்த துண்டுக்குத் தரவுருவாகக் கொடுக்க வேண்டும்.